வெளியே பூத்த பனி

பிள்ளைகளே, உங்கள் அப்பா ஒரு ஆராய்ச்சிக்கூடத்துக்கு வண்டி ஓட்டுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வண்டியில் என்னவெல்லாம் போகும் என்று சொன்னதில்லை. போன ஜூன் மாதம் ஏற்றிப்போன ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமமாக இருந்தால் அம்மாவை வாசிக்கச் சொல்லுங்கள்.

அன்று என்னோடு வந்தது ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிற மதுரைப் பக்கத்துப் பெண். ஒரு அலுமினிய கேனைப் பின் சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கேனுக்குள் திரவ நைட்ரஜன். அது ஆவியாகி வண்டிக்குள் நிறைந்தால் மூச்சு முட்டும். அதனால் ஏசி கிடையாது. கண்ணாடியை இறக்கித்தான் ஓட்ட வேண்டும். அனல் காற்று முகத்தில் அடித்தது.

“உள்ள என்ன பாப்பா இருக்கு?”

“குளத்துத் தண்ணில இருக்கிற ஒத்தச் செல் உயிர்ண்ணே. கண்ணுக்குத் தெரியாது. அதுக்குள்ள பச்சைப் பாசி குடியிருக்கு. அந்தப் பாசி வெளிச்சத்துல சர்க்கரை செஞ்சு வீட்டுக்காரனுக்குக் குடுக்குது.”

“வாடகையா?”

சிரித்தாள். “அதான் தெரியல. தானா குடுக்குதா, இவன் புடுங்கிக்கிறானான்னு பாக்கணும்.”

அதைப் பார்க்கிற மிஷின் வேறொரு நிறுவனத்தில் இருக்கிறதாம். செல்லுக்குள் எந்தப் பொருள் எந்த இடத்தில் இருக்கிறது என்று கலர் கலராக வரைபடம் போலக் காட்டுமாம். ஆனால் சர்க்கரை கரைந்து நகர்ந்துவிடும். அதனால் உயிரோடு இருக்கும்போதே, கண் இமைப்பதற்குள் உறைய வைத்துவிடுகிறார்கள். நீங்கள் பார்க்கில் ‘ஸ்டாச்சூ’ விளையாடுகிறீர்களே, அதேதான். மிஷினுக்குள் போகும்வரை எதுவும் அசையக் கூடாது. அவளுக்கு அந்த மிஷின் கிடைத்தது அன்று மதியம் மட்டும். விட்டால் அடுத்த வருஷம்தான். அதற்குள் அவள் படிப்புக்காலமே முடிந்துவிடும்.

ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கத்தில் போலீஸ் கயிறு கட்டி எல்லா வண்டியையும் நிறுத்தியது. யாரோ பெரிய மனிதர் போகிறாராம். திரும்பிப் பார்த்தேன். கேனின் வெளிப்பக்கம் முழுக்க வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. எனக்குச் சந்தோஷம்.

“இந்த வெயில்லயும் எப்படி ஜில்லுன்னு இருக்கு பாரு பாப்பா!”

அவள் விரலால் அந்தப் பனியைச் சுரண்டினாள். “வெளிய பூக்கக் கூடாதுண்ணே. உள்ள இருக்கிற குளிர் வெளிய போகுதுன்னு அர்த்தம். கேன் போச்சு.”

இறங்கி ஓடினேன். ஆராய்ச்சி சாமான், கெட்டுப்போய்விடும் என்று போலீஸ்காரரிடம் இந்தியில் கெஞ்சினேன். அவர் சட்டையும் வியர்வையில் நனைந்திருந்தது.

“அரே பாயி, நானா நிறுத்தினேன்? மேலேயிருந்து சொன்னால்தான் கயிற்றை விடுவேன். பின்னால் பிரசவத்துக்குப் போகிறவளே நிற்கிறாள்” என்றார்.

திரும்பி வந்தேன். “மார்க்கெட்ல மீன் கடை இருக்கு பாப்பா. ஓடிப்போய் ஐஸ் வாங்கிட்டு வந்துரவா? சுத்தி அடுக்கிருவோம்.”

“இந்தக் குளிருக்கு அந்த ஐஸ் கொதிக்கிற தண்ணிண்ணே.” சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

உங்களுக்கு ஜுரம் என்றால் ஓடிப்போய் மருந்து வாங்கி வருவேன். சைக்கிள் செயின் கழன்றால் மாட்டித் தருவேன். அன்று, நகராத வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேன் மூடியின் இடுக்கில் வந்துகொண்டிருந்த புகை மெலிந்துகொண்டே போனது. அது நின்றதை இரண்டு பேருமே பார்த்தோம்.

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது மிஷினைப் பார்த்துக்கொள்பவர் கேனுக்குள் ஒரு மரக்குச்சியை விட்டு எடுத்தார். குச்சியில் துளிப் பனிகூடப் படியவில்லை, நைட்ரஜன் மொத்தமும் ஆவியாகியிருந்தது. உள்ளே இருந்த குப்பிகளை அசைத்தால் தண்ணீர் ஆடியது.

“இதையே வெச்சுப் படம் எடுக்க முடியாதா பாப்பா?”

“எடுக்கலாம்ண்ணே. அழகாவே வரும். ஆனா சர்க்கரை எங்கெங்கயோ ஓடியிருக்கும். பொய்ப் படம்.”

திரும்பும் வழியில் ஊரிலிருந்து அவளுடைய அப்பா போன் செய்தார். சத்தமாகப் பேசுகிறவர், எனக்கே கேட்டது.

“மிசின்ல பாத்துட்டியா தாயி?”

“பாத்துட்டேன்ப்பா. நல்லா வந்துச்சு.”

“அப்ப நம்ம தெருவுல எல்லாருக்கும் சொல்லிரவா?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “சொல்லுங்கப்பா.”

நான் ஹாரன்கூட அடிக்காமல் ஓட்டினேன்.