கீழே உட்காரப் பழகியது

முட்டிக்குக் கரண்ட் வைத்துக்கொள்ள நான் ஃபேர்லேண்ட்ஸ் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறியது நடப்பதற்காக அல்ல. நடை எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கீழே உட்கார வேண்டும்.

எங்கள் பக்கம் இழவு வீட்டில் பெண்கள் பிணத்தைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து, ஒருத்தி தோளை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுவோம். அம்மா போனபோது தலைமாட்டில் அக்காவும் நானும் அப்படித்தான் அழுதோம். இப்போது அக்காவுக்கே புற்றுநோய். கட்டிலில் கிடந்தபடி என்னைச் சீண்டுவாள்.

"ஏண்டி, நாஞ் செத்தாலும் சேர்ல உக்காந்துதான் அழுவியா? அப்பறம் எந்திரிச்சு வந்து நாலு போடுவேன் பாத்துக்க."

அங்கே சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன்.

பிசியோதெரபி பெண்ணுக்கு என் மகள் வயது. முட்டியைச் சுற்றிப் பட்டைகளை ஒட்டிக் கரண்ட் விட்டால் எறும்பு ஊர்வது போலிருக்கும், வலி அடங்கும். "கரண்ட் வலியத்தானுங்கம்மா அமத்தும். தொடைக்குப் பலம் வரோணும்னா நீங்கதான் பயிற்சி செய்யோணும். தரையில மட்டும் உக்காந்துறாதீங்க" என்றாள்.

"ஒரே ஒரு நாளு உக்காந்தாப் போதும் சாமி" என்று காரணத்தைச் சொன்னேன். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எப்படி இறங்குவதென்று அன்றைக்கே செய்து காட்டினாள்.

வீட்டில் தினமும் துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து அமுக்கினேன். காலை நீட்டித் தூக்கினேன். இந்த வயதில் என்ன வீம்பு என்றாள் மருமகள். வீம்புதான். ஆடி முடிவதற்குள் அக்காவின் கட்டிலைப் பிடித்து அவள் கண்ணெதிரே இறங்கி உட்கார்ந்து காட்டினேன்.

"பரவால்லியே, இனி நான் தைரியமாப் போலாம்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன்.

ஐப்பசி மழையில் போய்விட்டாள். வாசலில் பந்தலும் வாடகைச் சேர்களும் போட்டிருந்தார்கள். அக்காவைக் குளிர்பெட்டியில் வைத்து, பெட்டியை இடுப்பளவு ஸ்டாண்டில் ஏற்றியிருந்தார்கள். நடக்க முடிந்தவர்கள், முடியாதவர்கள், எல்லாப் பெண்களும் சேரில்தான் இருந்தார்கள். "உக்காருங்க சின்னம்மா" என்று அக்கா மகன் எனக்கும் ஒன்று போட்டான்.

அந்தச் சேரையே பிடித்துக்கொண்டு, பழகியபடி, மெல்லத் தரையில் இறங்கி உட்கார்ந்தேன். முட்டி வலிக்கக்கூட இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். பெட்டியின் தகர அடிப்பக்கம்தான் தெரிந்தது. அவள் முகம் மேலே இருந்தது. கட்டிக்கொள்ளப் பக்கத்தில் ஒரு தோளும் இல்லை.

"அக்கா, கீழ உக்காந்துட்டேன், பாரு" என்று தகரத்தைத் தட்டித் தட்டி அழுதேன்.