எங்கள் ஊர் இல்லாத பட்டியல்

டொரொண்டோவில் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். எனக்கான கட்டம் 'சவுத் ஏசியன்'. லாகூர்க்காரர், டாக்காக்காரர், கொழும்புக்காரர், கம்பத்துக்காரியான நான், எல்லோரும் அதற்குள் நெருக்கியடித்து நிற்கிறோம். உத்தமபாளையத்துக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவிலேயே ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து எடுக்காத கூட்டங்கள் எத்தனை! அதைச் சொன்னால், "அப்படியானால் 'அதர்' என்று போடட்டுமா?" என்கிறாள் வரவேற்பறைப் பெண்.

அப்பா நாற்பத்தெட்டு வயதில் போனார். அண்ணன் நாற்பத்தொன்றில், தேவதானப்பட்டி பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே சரிந்தான். போன வருடம் எனக்கு மூச்சு வாங்கியபோது, இதயத் தசை தடித்திருப்பதாக ஸ்கேன் காட்டியது. ரத்தத்தில் ஜீன் சோதனை செய்தார்கள். ஒரு ஜீனில் ஏதோ மாற்றம். பதினொரு வயது மகள் கயலுக்கும் அதே மாற்றம்.

"இதுதான் நோய்க்குக் காரணமா?" என்று கேட்டேன்.

"தெரியவில்லை," என்றார் டாக்டரம்மா. "ஜீன்களை ஒப்பிட நாங்கள் வைத்திருக்கும் பட்டியலில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களிடம் இது இல்லை. உங்கள் மக்களிடம் சாதாரணமாகவே இருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் மக்கள் போதுமான அளவு இல்லை."

தெரியும்வரை கயல் ஓடக் கூடாது. பள்ளி ஓட்டக் குழுவில் இருந்தவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பிறகு டாக்டரம்மா குரலைத் தாழ்த்தி, என் பெற்றோர் உறவினர்களா என்று கேட்டார். அம்மாவுக்கு அப்பா அத்தை மகன் என்றேன். "ஐ ஆம் சாரி" என்றார். எதற்கு? ஊரே வந்து சாப்பிட்டுப் போன கல்யாணம் அது.

ஊரில் இருக்கும் சொந்தங்களின் ரத்தம் கிடைத்தால் உதவும் என்றார்கள். அண்ணன் மனைவியான மதினியைப் போனில் அழைத்தேன்.

"அவுக செத்தப்ப ஏன் செத்தாகன்னு ஒரு டாக்டர் கேக்கல. இப்ப மட்டும் எங்க ரத்தம் வேணுமாக்கும்?"

"கயலுக்காக மதினி."

"சரி, வா. இங்கன எல்லாத்தையும் நான் கூட்டியாறேன்."

போனேன். மதுரை ஆய்வகத்திலிருந்து வந்த பெண் ரத்தம் எடுக்க, மதினி ஒவ்வொருவராக இழுத்து வந்து உட்கார வைத்தார். அப்பாவின் தம்பி, எழுபத்திரண்டு வயதுச் சித்தப்பா, திராட்சைத் தோட்டத்திலிருந்து நேரே வந்தார். "எனக்கு என்னத்தா நோவு? பந்தலுக்கு இன்னும் நாந்தேன் மருந்தடிக்கிறேன்" என்று கையை நீட்டினார். என்னைப் போலவே இதயத் தசை தடித்த, அப்பாவின் உடன்பிறந்த ஆண்டிபட்டி அத்தை ஊசியைப் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான்கு மாதம் கழித்து முடிவு வந்தது. நோயே இல்லாத சித்தப்பாவுக்கு அந்த மாற்றம் இருந்தது. நோயுள்ள அத்தைக்கு இல்லை. ஆக, காரணம் அதுவல்ல. கயலின் ஸ்கேன் சரியாக இருந்ததால் அவள் ஓடலாம். வருடாவருடம் ஸ்கேன் எடுக்க வேண்டும். அப்பாவையும் அண்ணனையும் கொன்றது எது? அது இன்னும் தெரியாது. எங்கள் ஊர்க்காரர்கள் சில நூறு பேர் முன்பே பட்டியலில் இருந்திருந்தால், ஒரு காலை நேரத்தில் முடிந்திருக்கும் வேலை இது. என் மகள் எட்டு மாதம் வேலியோரம் நின்று மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்தாள்.

கடைசியாக டாக்டரம்மா எங்கள் குடும்ப வரைபடத்தைக் காட்டினார். ஆண்கள் சதுரம், பெண்கள் வட்டம், இறந்தவர்கள்மேல் சாய்கோடு. ஊர்ச் சொந்தங்களே முதல் தாளை நிரப்பிவிட்டார்கள். கயலுக்காக இன்னொரு தாளை ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய இடத்தில் என் வட்டம். பாதி அந்தத் தாளில், பாதி இந்தத் தாளில்.