அது அவள் ஓட்டு அல்ல

போன திங்கட்கிழமை நான் வகுப்பில் இருந்தபோது விழுப்புரத்திலிருந்து தந்தி வந்தது. ஆரோக்கியமேரி போய்விட்டாள். கெடார் பள்ளியில் அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு அவள் பெரிய டீச்சர். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஒரே அறையில் இருந்த எனக்கோ வாடி, போடிதான். இந்த அஞ்சலியில் மட்டும் 'அவர்' என்று எழுதினால் மேலே இருந்து சிரிப்பாள்.

நம் ஆசிரியர் சங்கத் தலைவர் பதவிக்கு நான் முதலில் நின்றது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அப்போது உறுப்பினர்கள் நேராகத் தலைவருக்கு ஓட்டுப் போட முடியாது. திண்டிவனம் கிளை ஐந்து பிரதிநிதிகளையும் விழுப்புரம் கிளை நான்கு பேரையும் அனுப்பும். அந்த ஒன்பது பேர் போடுவதுதான் ஓட்டு. திண்டிவனத்தில், வாங்கிய ஆதரவுக்கு ஏற்றபடி பிரதிநிதிகளைப் பிரித்துக் கொடுப்பார்கள். விழுப்புரத்தில், ஒரு ஓட்டு அதிகம் வாங்கியவருக்கே நால்வரும். திண்டிவனத்தில் எனக்கு நால்வர், எதிர்த்து நின்ற தலைமையாசிரியருக்கு ஒருவர். விழுப்புரத்தில் அவர் மூன்றே ஓட்டில் முந்தினார். அவருக்குப் போன நால்வரில் ஒருத்தி ஆரோக்கியமேரி.

இரண்டு ஊரையும் சேர்த்தால் எனக்குத்தான் ஆதரவு அதிகம். ஓட்டுச் சீட்டும் ரகசியம். அவள் ஒருத்தி மாற்றிப் போட்டால் போதும், நான் தலைவர். கூச்சத்தை விட்டுவிட்டு அதைக் கேட்க விழுப்புரம் போனேன்.

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் இழுபறியாக நடந்த சமயம் அது. அவள் செய்தித்தாளை விரித்து, வறுத்த மல்லாட்டைக் கடலையை மாநிலம் மாநிலமாகக் குவித்துக் காட்டினாள்.

"அங்கயும் நம்ம கதைதான்டி. ஜனங்க அனுப்புற ஆளுங்கதான் கடைசியா ஓட்டுப் போடணும். பெரும்பாலும் ஸ்டேட்ல ஜெயிச்சவருக்கே மொத்தமும். அனுப்புன ஆளு மாத்திப் போட்டா சில ஸ்டேட்ல சட்டம் தடுக்குது, சிலதுல தடுக்கல."

"நம்ம சங்கத்துல தடுக்கல இல்ல?" என்றேன்.

ஒரு மல்லாட்டையை உடைத்து என் கையில் வைத்தாள். "தடுக்கலதான். ஆனா அது என் ஓட்டு இல்லடி. காணைலருந்தும் கெடார்லருந்தும் டீச்சருங்க என்ன நம்பிக் குடுத்து அனுப்பிச்சது."

ஐந்துக்கு நான்கு என்று தோற்றேன். ஆறு மாதம் அவளோடு பேசவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஏழாவது மாதம் என் பள்ளி வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு மனு. உறுப்பினர்கள் எல்லாரும் நேராகத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்கும் மனு. நால்வரையும் ஒரே பக்கம் சாய்க்கும் தன் கிளையின் செல்வாக்கு குறையும் என்று தெரிந்தே பள்ளி பள்ளியாகப் போய்க் கையெழுத்து வாங்கியிருந்தாள்.

"நான் ஊரு ஊரா அலைஞ்சிக்கினு இருக்கேன், நீ மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருக்க. ஜல்தி கையெழுத்துப் போடு."

விதி மாறியது. அடுத்த தேர்தலில் ஜெயித்தேன். அன்று மாலை அவளைக் கேட்டேன். "இந்த வாட்டி உன் சொந்த ஓட்டு. யாருக்குடி போட்ட?"

"ரகசிய ஓட்டுடி. வெளில சொல்லுவாங்களா?"

கடைசிவரை சொல்லவில்லை.

சங்கத்தின் சார்பில் எங்கே பேசப் போனாலும், இது என் விருப்பமா, என்னை அனுப்பியவர்களின் விருப்பமா என்று ஒரு முறை கேட்டுக்கொள்கிறேன். அவளிடமிருந்து என்னிடம் தங்கியது அதுதான். இந்த ஆண்டுத் தேர்தலில் புதிதாகச் சேர்ந்த டீச்சர்கள் தங்கள் ஓட்டைத் தாங்களே போடப்போகிறார்கள். அதை வாங்கிக் கொடுத்தவள் பெயரை அவர்களுக்குச் சொல்லுங்கள்.