அடுத்த மாடல் வரட்டும்

என் வீட்டுக்காரருக்கு ஒரு கொள்கை உண்டு. எந்தச் சாமானையும் இன்றைக்கு வாங்கக் கூடாது. இன்றைக்கு வாங்கினால் நாளைக்கே அதைவிட நல்லது வந்துவிடும். எல்லார் வீட்டிலும் சுவரில் சப்பையாக டி.வி. தொங்க ஆரம்பித்த பிறகும் எங்கள் கூடத்தில் முதுகு புடைத்த பழைய பெட்டிதான் உட்கார்ந்திருந்தது. வாஷிங் மெஷினுக்கும் அதே கதைதான். சாரல் காலத்தில் தென்காசியில் துணி காயாது. கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, ஈர வேட்டிக்கு அடியில் குனிந்து குனிந்து நடந்துகொண்டே, "காயவச்சே குடுக்குத மெஷினு வருதாம்ட்டி, கொஞ்சம் பொறு" என்பார். பொறுத்தேன். மெஷின் வந்து சேர்ந்தபோது எனக்கு முதுகுவலியும் வந்து சேர்ந்திருந்தது.

அதெல்லாம் போகட்டும், சாமான்தானே. காது அப்படியா?

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. முதலில் டி.வி. சத்தம் கூடியது, பிறகு என் சத்தம் கூடியது. இரண்டு காதுக்கும் மெஷின் வைத்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். திருநெல்வேலியில் ஒரு கடைக்குப் போனோம். கடையில் இருந்த பெண் நல்ல மாதிரி. பொறுமையாக மாட்டிவிட்டு, கம்ப்யூட்டரில் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தாள். அவருக்கும் கேட்டது. அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "அடுத்த வருஷம் புது மாடல் வருது சார். கூட்டத்துல இருந்தாலும் பக்கத்துல பேசுறவங்க குரலை மட்டும் பிரிச்சுக் குடுக்குமாம்" என்றாள். போச்சு. அந்த நிமிஷமே கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில், "பொறுத்தார் பூமியாள்வார்" என்றார்.

"காது கேக்காம பூமிய ஆண்டு என்ன செய்யப் போறிய?" என்று கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்த வருஷம் வந்தது, மாடல் வரவில்லை. அதற்கும் அடுத்த வருஷம் வரும் என்றார்கள். இவரும் சரி என்றார்.

உனக்கு இதில் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எனக்குப் புறணி பேச ஆளில்லாமல் போயிற்று. கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். அவருக்குக் காரம் வேண்டும், எனக்கு ஆகாது. அவருக்கு ஃபேன் ஓட வேண்டும், எனக்குக் குளிரும். ஆனால் ஒரு கல்யாண வீட்டில் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டால் போதும். உதடு அசையாமல் ஊரையே அலசிக் காயப்போட்டுவிடுவோம். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தாலும் பந்திக்கு எழுந்திருக்கும்போது சமாதானமாகியிருப்போம்.

அதைக் கத்திப் பேச முடியுமா? இலத்தூரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் தாய்மாமன் தலைக்குச் சாயம் அடித்து வந்திருந்தார். வேர்வையில் அது காதோரமாக வழிந்துகொண்டிருந்தது. பழைய பழக்கத்தில், "சாயம் ஒழுகுது, பாருங்க" என்று மெதுவாகச் சொன்னேன். "என்னது?" என்றார். கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். "என்னதுட்டி?" என்றார். வந்த கோபத்தில் அடுத்த தடவை நான் குரலெடுத்த நேரம் பார்த்து நாதஸ்வரம் நின்றுவிட்டது. மண்டபம் முழுக்கக் கேட்டது. தாய்மாமன் கைக்குட்டையை எடுத்துக் காதைத் துடைத்துக்கொண்டார்.

அன்றோடு விட்டுவிட்டேன். சாப்பிட வாங்க, மாத்திரை போட்டாச்சா, கேஸ் வந்திருக்கு என்று, கத்திச் சொல்லக்கூடியதை மட்டும்தான் அப்புறம் எங்கள் வீட்டில் பேசினோம். ஒரே வீட்டில் அவரோடு இருந்துகொண்டே எனக்கு அவரைத் தேடியது.

இந்த மனிதர்தான் எங்கள் சொந்தபந்தத்துக்கெல்லாம் குற்றாலம் சீசன் அதிகாரி. ஆனி பிறந்துவிட்டால் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வாட்ஸ்அப்பில் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள், அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று. இவர் ஐந்தருவி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் போடுவார். வருஷா வருஷம் பதில் ஒன்றுதான்: இப்போது சுமார், ஒரு வாரம் பொறுத்து வந்தால் நன்றாக விழும். சென்னையில் இருக்கும் என் நாத்தனார், இவருடைய ஒரே தங்கை, அண்ணன் சொல்லைத் தட்டாதவள். ஒரு வருஷம் அப்படிப் பொறுத்து வந்தாள். வெள்ளம் வந்து, குளிக்கத் தடை போட்டு, போலீஸ் நின்றது. மறு வருஷம் பொறுத்து வந்தாள், பாறைதான் தெரிந்தது. அதற்கு மறு வருஷம் பொறுத்துக்கொண்டிருந்ததிலேயே சீசன் முடிந்துவிட்டது.

போன ஆனியில் அவள் யாரையும் கேட்கவில்லை. காலை ரயிலில் வந்து இறங்கி, வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு, "மதினி, கெளம்புங்க, குளிக்கப் போவோம்" என்றாள்.

"இன்னைக்கு நூலாட்டம்தாம்ட்டி விழுது. ரெண்டு நாளு பொறேன்" என்று இவர் ஆரம்பித்தார். அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் இவரும் ஏறினார்.

ஐந்தருவியில் நூலாவது ஒன்றாவது! தலையில் விழுந்த தண்ணீர் கும்கும்மென்று பிடரியில் குத்தியது. நாங்கள் இருவரும் ஆசை தீரக் குளித்தோம். வெளியே வந்து, பல் கிடுகிடுக்க, மிளகாய் பஜ்ஜியை ஊதி ஊதித் தின்றுகொண்டே அவள் அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். அருவிப் பக்கத்தில் யாருக்குமே காது கேட்காது, எல்லாரும் கத்தித்தான் பேச வேண்டும். அந்த ஒரு இடத்தில் மட்டும் இவருக்கும் மற்றவருக்கும் வித்தியாசம் கிடையாது.

"அண்ணே! ஒங்க பேச்சக் கேட்டு மூணு வருஷமா தலை நனையாம இருந்திருக்கேன்! நல்லா விழும், நல்லா விழும்னு சொல்லுதிய. நாளைக்கி எப்பிடி விழும்னு யாருக்குத் தெரியும்? விழுத தண்ணியில குளிச்சிட்டுப் போகணும்ணே!"

"அப்பிடிச் சொல்லுங்கக்கா" என்றார் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி.

நான் சும்மா இருப்பேனா? "தண்ணிக்கு மட்டும் சொல்லல, ஒங்க காதுக்கும் சேத்துத்தான் சொல்லுதா!" என்று நானும் ஒரு கத்துக் கத்தினேன். அது அவருக்கு நன்றாகவே கேட்டது. வீட்டுக்கு வந்து ஈரத் துண்டைக் கொடியில் போட்டுக்கொண்டே, "ஞாயித்துக்கெழம அந்தக் கட உண்டுமா?" என்று கேட்டார்.

இருந்த மாடலையே வாங்கி மாட்டிக்கொண்டு வந்தோம். வந்த முதல் நாள், "இந்த ஃபேனு எப்பவும் இப்பிடித்தான் கத்துதா?" என்று கேட்டார். குக்கர் விசிலுக்குத் துள்ளி எழுந்தார். எனக்கும் ஒரு இடைஞ்சல் வந்தது. காது கேட்காத மனிதரைக் கூடத்தில் உட்கார வைத்துக்கொண்டு வாய்க்கு வந்தபடி முணுமுணுத்தே பழகிவிட்டிருந்தேன். அடுப்படியில் நின்றுகொண்டு, "எடுத்த டம்ளர எடுத்த எடத்துல வைக்கத் தெரியுதா, கூறுகெட்ட மனுசன்" என்றேன். "இந்தா, வச்சிட்டேன்" என்று கூடத்திலிருந்து பதில் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனாலும் உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம்!

ஆவணியில் குத்துக்கல்வலசையில் ஒரு கல்யாணம். இதற்காகத்தானே காத்திருந்தேன்! பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முன் வரிசையை ஒரு நோட்டம் விட்டேன். அங்கே உட்கார்ந்திருந்தார் இலத்தூர்த் தாய்மாமன். இந்தத் தடவை சாயம் இல்லை, விக். கிடைத்தாரே நமக்கு என்று உதடு அசையாமல் ஒரு வார்த்தை சொன்னேன்.

இவர் முகத்தைச் சுளித்தார். "ஒண்ணும் வெளங்கலட்டி. எல்லாஞ் சேந்து இரையுது."

மேளம், பிள்ளைகள் கூச்சல், மைக்கில் யாரோ யாரையோ கூப்பிடுவது என்று அத்தனையையும் மெஷின் அள்ளி அவர் காதில் கொட்டிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் கேட்பதற்குத்தானே புது மாடல் என்று அந்தக் கடைப் பெண் அன்றைக்கே சொன்னாள்? அண்ணனும் தங்கையுமாக இருந்த இடத்தில் நானும் சேர்ந்து கத்தி அவசரப்படுத்திவிட்டேனே. பொறுத்திருக்கலாமோ? கண் நிறைந்துவிட்டது. நல்லவேளை, கல்யாண வீட்டில் புகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

அவர் எழுந்தார். தன் நாற்காலியை என் நாற்காலியோடு ஒட்டிப் போட்டார். உட்கார்ந்து, என் பக்கமாகச் சாய்ந்து, காதை என் வாய்க்கு நேராகக் கொண்டுவந்து வைத்தார். இந்த வயதில், அத்தனை சொந்தக்காரர்களுக்கு முன்னால்!

"இப்பச் சொல்லு."

"அங்கன பாருங்க. தாய்மாமன் புது மாடலு மாட்டிக்கிட்டு வந்திருக்காரு."

பார்த்தார். தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைப் பொத்தினார், அடங்கவில்லை. எனக்கும் அடங்கவில்லை. பக்கத்து வரிசையில் இரண்டு பெண்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே தங்களுக்குள் என்னவோ குசுகுசுத்தார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்குச் சொல்ல இன்னும் எவ்வளவோ பாக்கி இருந்தது.

பந்திக்குக் கூப்பிட்டும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு, தலையை நகர்த்தாமலே அவர் கேட்டார்: "அந்த மாடலு தை மாசம் கண்டிப்பா வந்துருமாம்ட்டி. தள்ளி இருந்து பேசுனாலே கேக்குமாம். மாத்திருவோமா?"

"என்ன அவசரம்?" என்று அவர் காதுக்குள் சொன்னேன். "பொறுங்க. அதுக்கு அடுத்த மாடலு வரட்டும்."