பத்தேகால் மணிச் சூரியன்

மோட்டார் விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று ரொம்பப் பேரிடம் பீற்றியிருக்கிறேன். உறையூரில் முப்பது வருஷமாக மோட்டார் காயில் சுற்றுகிறவன். லால்குடிப் பக்கத்து வயல்களில் ஓடும் பம்ப்செட்டுகளில் பாதி என் கை பட்டவை. கடை வாசலில் வைத்து ஓடவிட்டால் போதும், பேரிங் போயிருக்கிறதா, காயில் கருகியிருக்கிறதா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பின்னால் நீங்கள் சிரிக்கும்போது எவ்வளவு சிரிக்கலாம் என்று தெரிய வேண்டும் அல்லவா.

இப்போதெல்லாம் காலையில் கடையைக் கூட்டாளி பார்த்துக்கொள்கிறார். நான் மதியம் சாப்பிட்டுவிட்டுப் போனால் போதும். சும்மா கிடந்த அந்தக் காலை நேரத்தில்தான் ரேடியோ வானியல் என்ற கிறுக்கு பிடித்தது. சூரியன் வெளிச்சமும் வெயிலும் மட்டும் தருவதில்லை, ரேடியோ அலைகளையும் அனுப்புகிறது. அதில் வெடிப்பு ஏதாவது கிளம்பினால், வீட்டு மாடியில் இரண்டு கம்பியைக் கட்டி ஒரு ரிசீவரை வைத்துக் காதாலேயே கேட்கலாம். வியாழன் கிரகத்தையும் கேட்கலாம்தான், ஆனால் அதற்கு ராத்திரி கண்விழிக்க வேண்டும். எனக்கு ஒன்பது மணிக்கே கொட்டாவி வந்துவிடும். அதனால் சூரியனோடு நிறுத்திக்கொண்டேன்.

கடையில் கிடந்த செம்புக் கம்பியை ஏழு மீட்டர் நீளத்துக்கு இரண்டாக வெட்டி, நான்கு சவுக்குக் கட்டைகளை நிறுத்தி, ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மொட்டைமாடியில் கட்டினேன். ரிசீவரை உதிரி உதிரியாக வாங்கி நானே சால்டர் வைத்தேன். அது பிடிப்பதையெல்லாம் லேப்டாப் ஒரு கோடாக வரைந்துகொண்டே போகும். என் மனைவி பள்ளிக்கூட டீச்சர். எட்டு மணிக்குக் கிளம்பும்போது மேலே பார்த்து, இடி இடித்தால் கம்பி போனால் போகட்டும், நீங்கள் கீழே வந்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆனால் மாடி எங்களுடையது இல்லை. கீழ்வீட்டில் தனியாக இருக்கும் வீட்டுக்கார மாமியுடையது. என் கட்டைகளில் ஒன்று சரியாக அவருடைய மடிக்கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது. குளித்துவிட்டு, வேறு யார் கையும் படாமல், குச்சியால் தூக்கி உலர்த்தும் புடவைகள் அந்தக் கொடியில் தொங்கும். ஒரு நாள் காற்றில் என் கட்டையின் இழுகயிறு ஆடி, ஒன்பது கஜத்தில் போய் உரசிவிட்டது. மாமி சண்டை போடுகிறவர் இல்லை. புடவையை மறுபடி நனைத்து உலர்த்திவிட்டு, பங்குனி பிறந்தால் மாடியில் வடாம் போட வேண்டும், அதற்குள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள் என்று மெதுவாகச் சொன்னார். மாமி மெதுவாகச் சொன்னால் முடிந்தது, அதில் மாற்றமே கிடையாது. எனக்கு வேறு மாடியும் கிடையாது. மாசி முடிவதற்குள் எதையாவது கண்டுபிடித்துக் காட்டினால்தான் என் கம்பி பிழைக்கும்.

சூரியன் என்னைக் கைவிடவில்லை. தினமும் காலை பத்தேகால் மணிக்கு லேப்டாப்பில் கோடு விருட்டென்று எகிறும். ஹெட்போனில் கர்ர்ர் என்று ஓர் இரைச்சல். ஒரு நிமிஷம் ஓடும், நிற்கும், மறுபடி அரை நிமிஷம், கடைசியில் ஒரு சின்ன இழுப்பு. சூரியன் என்ன ஆபீஸா போகிறது, தினமும் ஒரே நேரத்துக்குக் கையெழுத்துப் போட என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஏனென்றால் அதைவிடப் பெரிய விஷயம் கண்ணில் பட்டுவிட்டது. சில நாட்களில் பத்தேகாலுக்கு ஒன்றுமே இல்லை. எண்ணிப் பார்த்தால், அமாவாசையோ பௌர்ணமியோ, அதற்குச் சரியாக நாலு நாள் முன்னால். மூன்று மாசத்தில் ஆறு நாள், ஒன்றுகூடத் தப்பவில்லை. சந்திரன் அந்த இடத்துக்கு வரும்போது சூரியனின் அலையை எதுவோ மறிக்கிறது! எனக்குப் புல்லரித்துவிட்டது.

என்னைப் போன்ற கிறுக்கர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் போட்டேன். மதுரைக்காரர் ஒருவர், பக்கத்தில் ஏதாவது மோட்டார் ஓடுகிறதா என்று ஒரு தடவை பாருங்களேன் சார் என்று மரியாதையாகத்தான் கேட்டார். எனக்கு வந்ததே கோபம். யாரிடம் வந்து மோட்டார் என்கிறாய், நான் சுற்றிய காயிலை நீட்டினால் மதுரைக்கே வந்துவிடும் என்று பதில் போட்டேன். அவர் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

மாசி கடைசி வாரம் ஒரு பெரிய சார்ட்டில் மூன்று மாசத்தையும் வரைந்து, மௌனமான ஆறு நாட்களுக்கும் சிவப்பு வட்டம் போட்டு, மாமியிடம் எடுத்துக்கொண்டு போனேன். இது சாதாரணக் கம்பி இல்லை மாமி, உலகத்தில் யாரும் பார்க்காததைப் பார்த்திருக்கிறது என்று கால் மணி நேரம் விளக்கினேன். மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிவப்பு வட்டங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"இதெல்லாம் ஏகாதசியோன்னோ?" என்றார்.

எங்கள் வீட்டில் வருஷம் முழுக்க எல்லா நாளும் சோறுதான். ஏகாதசியை நான் எங்கே கண்டேன்? அதனால் என்ன மாமி என்றேன்.

"அன்னிக்கு உபவாசம், நான் தளிகை பண்றதில்லை. மிக்ஸியத் தொடவே மாட்டேன். மத்த நாள்ல பத்தேகாலுக்குத்தான் துவையல் அரைப்பேன்."

மேலே ஓடிப்போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மிக்ஸியைப் போடுங்கள் என்று கத்தினேன். கர்ர்ர். கோடு எகிறியது. இரண்டு வீட்டுக்கும் ஒரே கரண்ட் லைன்தான். மூன்று மாசமாகக் கண்ணை மூடி, மெய்மறந்து, நான் கேட்டுக்கொண்டிருந்தது தேங்காய்த் துவையல். அந்த ஆறில் ஒன்று வைகுண்ட ஏகாதசி வேறு. சொர்க்கவாசலுக்கு ஊரே முண்டியடித்த அன்றைக்கு, இந்தப் புத்திசாலி மாடியில் உட்கார்ந்து 'சூரியன் மௌனம்' என்று நோட்டில் எழுதியிருக்கிறான்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. கம்பியைக் கழற்றக் கட்டிங் பிளேயரை எடுத்துவிட்டேன். அதற்கு முன்னால் அந்த ஆறு நாள் பதிவையும் கடைசியாக ஒரு தரம் திறந்து பார்த்தேன். தை மாசத்து ஏகாதசி ஒன்றில், பதினொன்றே முக்காலுக்கு, கோடு சட்டென்று ஏறி மெல்ல மெல்லச் சரிந்திருந்தது. பக்கத்தில் என் கையெழுத்து: 'ஏதோ மிஷின். கணக்கில் சேர்க்க வேண்டாம்.' மதுரைக்காரரிடம் மன்னிப்பும் கேட்டு அந்தப் படத்தையும் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவர் தன்னுடைய படத்தை அனுப்பினார். அதே நாள், அதே நிமிஷம், அதே ஏற்றம், அதே சரிவு. சூரியன்தான் சார், சந்தேகமே இல்லை என்று எழுதியிருந்தார். என் கண் கலங்கிவிட்டது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

கீழே போய், நாளைக்கே கழற்றிவிடுகிறேன் மாமி, ஆனால் இதை மட்டும் பாருங்கள் என்று காட்டினேன்.

"ஏகாதசி அன்னிக்கா வந்துது?" என்று கேட்டார்.

"ஆமாங்க மாமி."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தச் சரிவை விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்போ இருக்கட்டும். கொடிய மட்டும் அந்தாண்ட மாத்திக் குடுத்துடுங்கோ."

சூரியனுக்கு ஏகாதசி, துவாதசி எதுவும் தெரியாது என்று விளக்க வாயெடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டேன். கொடியைத் தெற்குச் சுவரோரம் மாற்றிக் கட்டினேன். பங்குனியில் வடாமும் என் கம்பிக்கு அடியிலேயே காய்ந்தது. அதற்குக் காக்காய் விரட்டும் வேலை எனக்கு.

மாமியின் மிக்ஸியைக் கடைக்கு எடுத்துப்போய்ப் பிரித்தேன். மோட்டாரின் கார்பன் தேய்ந்து பொறி பறந்துகொண்டிருந்தது; அந்தப் பொறிதான் என் ரிசீவரில் கர்ர்ர் என்று விழுந்திருக்கிறது. புதுக் கார்பன் போட்டு, இரைச்சலை அமுக்க உள்ளே ஒரு சின்னக் கண்டென்சரும் வைத்துக் கொடுத்தேன். இப்போது அது ஓடினால் என் கோடு துளிகூட அசைவதில்லை.

ஆனால் தினமும் பத்தேகாலுக்கு மாமி மாடிப்படிக்குக் கீழே வந்து நின்று, "சூரியன் பேசறதா? அரைக்கட்டுமா?" என்று கேட்கிறார். அரைங்க மாமி என்கிறேன். உடனே போய்விடமாட்டார். பால்காரர் இன்றைக்கும் லேட், உங்கள் டீச்சரம்மாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது என்று நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார். மிக்ஸி சரியாகிவிட்டது, இனிமேல் கேட்க வேண்டியதே இல்லை என்று அவரிடம் நான் இதுவரை சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.