குன்னத்தைத் தாண்டாத பஸ்

அரியலூரில் ஒரு வாசகர் வட்டம், கணவன் மனைவி ஜோடிகளுக்கென்று பொது அறிவுப் போட்டி வைத்தது. ஓவியம், அறிவியல், வரலாறு, இலக்கியம், கடைசிச் சுற்றில் ஏதாவது ஒரு நாட்டின் பண்பாடு. சீட்டுக் குலுக்கியதில் ஸ்பெயின் விழுந்ததாம். நோட்டீசை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்தான். சிமெண்டு ஆலையில் லாரிகளை எடைபோட்டு எழுதுகிற எனக்கு, எந்தப் பேச்சு நடந்தாலும் நடுவில் புகுந்து கருத்துச் சொல்லும் வியாதி உண்டு. பெயர் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் பாடப் பட்டியலையே படித்துப் பார்த்தேன்.

என் மனைவியின் கணக்கு வேறு. பிளஸ் டூ முடித்த கையோடு எனக்குக் கழுத்தை நீட்டியவள். அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு படிக்க ஆசைப்பட்டு, விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுத்து மூன்று வாரமாக ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தாள். நிரப்பவும் இல்லை, எறியவும் இல்லை.

"மேடையில ஒரே ஒரு கேள்விக்காவது நானா பதில் சொல்லிட்டேன்னா நிரப்பிடுறேங்க. வாயே திறக்கலைன்னா கிழிச்சுப் போட்டுடுறேன். இந்த வயசுல போயி வகுப்புல முழிக்க முடியாது."

"ஒரு கேள்வி என்ன, பாதி உனக்குத்தான்" என்று வாக்குக் கொடுத்தேன்.

அவள் நூலகத்திலிருந்து புத்தகங்களை வாங்கிவந்து, குக்கர் விசில் அடிக்கும் இடைவெளிகளில் படித்தாள். எனக்குப் படித்தால் தூக்கம் வரும். ஆகவே நான் மனப்பாடத் தொழில்நுட்பத்தில் இறங்கினேன். இருபது வருடமாகப் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குத் தினமும் பஸ்ஸில் போகிறவன். அந்த வழி எனக்குத் தூக்கத்திலும் மறக்காது. ஒவ்வொரு பதிலையும் மனசுக்குள் ஒரு நிறுத்தத்தில் இறக்கி வைத்தேன். பேரளியில் ஓவியர்கள் வரிசையாகப் பஸ்ஸுக்கு நின்றார்கள். சித்தளியில் ஸ்பெயின் நாட்டுப் பெண்மணி ஒருத்தி குதிகாலைத் தட்டித் தட்டி ஆடினாள். குன்னத்தில் பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு திராட்சையோடு உட்கார்ந்திருந்தார்கள். வாரணவாசியில் எதையும் வைக்கவில்லை. அங்கேதான் அருங்காட்சியகத்தில் கடல் நத்தையெல்லாம் கல்லாகி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறதே.

போட்டியன்று மேடையில் ஆறு ஜோடிகள், ஜோடிக்கு ஒரு மைக். அதை நான் பிடித்தேன். பிடித்த கை அப்படியே ஒட்டிக்கொண்டது. இறுக்கிப் பிடித்ததில் மைக் 'கொர்' என்றது. வாக்குக் கொடுத்ததெல்லாம் அந்த 'கொர்'ரோடு போயிற்று.

கேள்வி கேட்டவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஒரு கேள்விக்குப் பத்து விநாடி. அதில்தான் வந்தது வினை. என் பதில்கள் உட்கார்ந்திருந்தது நிறுத்தங்களில்; என் மனசுக்குள் ஓடும் பஸ்ஸோ ஒவ்வொரு முறையும் பெரம்பலூரிலிருந்துதான் கிளம்பும்.

"ஸ்பெயினில் புத்தாண்டு பிறக்கும்போது, பன்னிரண்டு மணியோசைக்கும் ஒவ்வொன்றாக எதைத் தின்பார்கள்?"

கிளம்பினேன். என் மனைவி காதோரம், "திராட்சைங்க" என்றாள்.

"இரு, இப்பத்தான் பேரளி வருது."

"என்னது, பேரளியா?"

மணி அடித்துவிட்டது. பக்கத்து ஜோடி திராட்சையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியது. கூட்டத்தில் ஒருவர், "சாரு மைக்கை வுடமாட்டாரு போல, ஐஸ்கிரீம்னு நெனச்சுட்டாரா?" என்றார். நானும் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் என் மனைவி சிரிக்கவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்களுக்குக் கடைசிக் கேள்வி வந்தது. "ஸ்பெயினில் ஒரு குழந்தையின் பெயரோடு யாருடைய குடும்பப் பெயர் சேரும்?"

இது எந்த நிறுத்தத்திலும் இல்லை. ஆனால் இதற்குப் பஸ் எதற்கு? இனிஷியல் என்றாலே அப்பாதானே! தெரிந்த கேள்வி வந்த குஷியில் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனேன். "அ..." என்பதற்குள் மைக்கைக் காணோம். இரண்டு கையாலும் பிடுங்கி அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"அப்பா பேரும் சேருங்க டீச்சர், அம்மா பேரும் சேரும். ரெண்டுமே உண்டு." குரல் கொஞ்சம் பிசிறியது. நிறுத்துவாள் என்று பார்த்தேன், நிறுத்தவில்லை. "அங்க பொம்பளைங்க கல்யாணம் ஆனாலும் தன் பேரை மாத்திக்கிறதில்லீங்க."

"உறுதியாச் சொல்றீங்களா?"

"உறுதிங்க."

பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த கைதட்டல் நிற்க நேரமானது. எங்களுக்கு நான்காம் இடம், பரிசு கிடையாது. இறங்கும்போது அந்த ஐஸ்கிரீம்காரர் என் தோளைத் தட்டி, "அடுத்த வருசம் நீங்க சும்மா உக்காருங்க சார், ஜெயிச்சுருவீங்க" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் கேட்டாள்: "பேனா இருக்குங்களா?"

விண்ணப்பம் கைப்பைக்குள்தான் இருந்திருக்கிறது. எழுதவா கிழிக்கவா என்பதை மேடையிலேயே முடிவு செய்ய எடுத்துவந்திருக்கிறாள். குலுக்கலில் எழுத்து கோணும் என்று, பஸ் நிற்கிற இடங்களில் மட்டும் எழுதினாள். வாரணவாசியில் பெயர். மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடி எழுதச் சொல்லியிருந்ததால், அவள் அப்பாவின் இனிஷியல்.

"என் இனிஷியல் எங்க போச்சு?"

"வேணும்னா பின்னாடி சேத்துக்கலாம், ஸ்பெயின் மாதிரி."

குன்னத்தில் பிறந்த தேதி. சித்தளியில் முகவரி. பேரளியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தாளை ஊதி மடித்தபடி சொன்னாள்:

"நீங்களும் ஒரு விண்ணப்பம் போடுங்களேன். ரெண்டு பேருமாப் போயி பரீட்சை எழுதலாம்."

பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். "எந்தப் பாடம்?" என்று கேட்டேன்.