எச்சில் குச்சி

அந்தத் தொழிற்சாலையில் அவளுக்குச் சோப்பு என்று பெயர். வைத்தவர் வாய்க்குச் சர்க்கரை போடலாம். அடுத்தவர் குடித்த டம்ளரைத் தொட மாட்டாள். துடைக்காத நாற்காலியில் உட்கார மாட்டாள். பஸ்ஸில் கம்பியைக் கைக்குட்டை வைத்துப் பிடிப்பாள், இறங்கியதும் அந்தக் கைக்குட்டையைத் தொடவே முகம் சுளிப்பாள். பக்கத்தில் யாராவது காறினால் போதும், அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

இப்படிப்பட்டவளுக்கு எதிர் மேஜையில் விதி கொண்டுவந்து உட்காரவைத்தது அவள் அக்கா புருஷனை. வேலையில்லாமல் வீட்டில் கிடந்தவரை, அக்கா அழுத அழுகை பொறுக்காமல், இவளேதான் சொல்லிச் சேர்த்துவிட்டாள். அந்தச் சம்பளத்தில்தான் அக்கா வீட்டில் அடுப்பு எரிந்தது.

அங்கே தயாரானது, புகை வந்தால் கத்தும் கருவிக்குள் வைக்கிற சர்க்யூட் போர்டு. ஒவ்வொரு போர்டின் ஓரத்திலும் அரிசி மணி அளவில் எட்டுக் குட்டிச் சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். எது மேலே, எது கீழே என்பதைப் பொறுத்து அந்தக் கருவிக்கு ஓர் எண் அமையும். எந்த அறையில் புகை என்று வாசலில் இருக்கும் காவலாளிக்கு அந்த எண்தான் சொல்லும். சுவிட்சுகளைத் தள்ளி எண் வைப்பது மாமாவின் வேலை. அதற்கு முன்னால் போர்டைக் கழுவிக் காயவைப்பது சோப்பின் வேலை. வேறு யாரிடம் கொடுப்பார்கள்?

மாமாவின் சட்டைப்பையில் ஒரு பல்குச்சி உண்டு. சாப்பிட்டுவிட்டு வந்து கடைவாய்வரை துழாவுவார். வந்ததை வெளிச்சத்தில் பிடித்து ஒரு பார்வை பார்ப்பார். சட்டையில் ஒரு தேய்ப்பு. பிறகு அதே குச்சியால் சுவிட்சைத் தள்ளுவார். மறுபடி வாய், மறுபடி சுவிட்ச். மனுஷன்தானா இவர் என்று அவளுக்குக் குமட்டும். வேறு குச்சி வைத்துக்கொள்ளுங்கள் மாமா என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். என் வாய், என் குச்சி, உனக்கு என்ன வலிக்கிறது என்று சிரிப்பார். சிரித்தால் பல் தெரியும், அது இன்னும் கண்ணராவி.

அவள் வேலை அப்படியில்லை. ஈயம் பற்றவைக்கும்போது வழியும் பழுப்புப் பிசின், காய்ந்த சளி மாதிரி போர்டெல்லாம் அப்பிக் கிடக்கும். சுவிட்ச் வரிசையின் மேல் ஒரு மஞ்சள் டேப் ஒட்டியிருக்கும், அதன் ஓரத்திலும் பிசின் தேங்கி நிற்கும். கழுவிக் காய்ந்த பிறகுதான் டேப்பை உரிக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அழுக்கை மூடிவைத்துவிட்டு மேலே குளிப்பாட்டுவது என்ன சுத்தம்? அவளுக்குப் பொறுக்கவில்லை. கொஞ்ச காலமாக டேப்பை முதலிலேயே நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டு, பிரஷ்ஷைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்துக் கழுவினாள். யாரிடமும் சொல்லவில்லை. நல்ல காரியத்துக்குத் தம்பட்டம் எதற்கு?

ஒருநாள் போர்டுகள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. ஏதோ விடுதியில் கீழே சமையலறையில் புகை வர, கருவி மாடியைக் காட்ட, ஜனங்கள் மாடிக்கு ஓடியிருக்கிறார்கள். கருகியது ஒரு பாத்திரம்தான், பிழைத்தார்கள். சுவிட்சுகள் சரியாகத்தான் இருந்தன, உள்ளே மின்தொடர்பு விழாமல் எண் மாறிவிட்டது. சூப்பர்வைசர் எல்லாரையும் நிற்கவைத்துக் காரணம் கேட்டார். இத்தனை நாள் அடக்கிவைத்த குமட்டல் அவள் வாய்வழியே வந்தது.

"சார், மாமா பல்லு குத்துற குச்சியாலதான் சுவிட்ச தள்ளுறாரு. எச்சி உள்ள போனா அது எப்படி வேலை செய்யும்?"

அங்கிருந்த அத்தனை முகமும் கோணியது. ஒருத்தர் தன் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். சூப்பர்வைசர் அந்தக் குச்சியைக் காகிதத்தில் வாங்கிக் குப்பையில் போட்டார். திட்டுவார்கள், திருந்துவார் என்றுதான் சோப்பு நினைத்திருந்தாள். அன்றைக்கே மாமாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்கா அதன்பிறகு இவள் போனை எடுக்கவில்லை.

புதிதாக வந்த பெண் கையுறை போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் குச்சியால் சுவிட்ச் வைத்தாள். அப்படியும் போர்டுகள் திரும்பி வந்தன. பழுது பார்ப்பவர் ஒரு சுவிட்சைப் பிளேடால் பிளந்து லென்ஸுக்கு அடியில் வைத்தார். உள்ளே பழுப்பாக ஒரு படலம்.

"இது எச்சி இல்ல, பிசின். கழுவுற தண்ணியில கரைஞ்சு உள்ள போயிருக்கு. டேப் இருந்தா போகாது. அதை யாரு முன்னாடியே உரிக்கிறது?"

சோப்பு தன் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் மஞ்சள் பசை. ஊரார் அழுக்கையெல்லாம் பார்த்த கண்ணுக்கு அது அதுவரை படவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். பிறத்தியார் மேல் வந்த அருவருப்பெல்லாம் சேர்ந்து இப்போது அந்த விரல்மேல் வந்தது.

நான்தான் சார் என்றாள். சூப்பர்வைசர் பெரிதாகக் கோபப்படவில்லை, இனிமேல் டேப்போடு கழுவச் சொன்னார். அப்படியானால் மாமாவைத் திரும்பக் கூப்பிடலாமே என்று கெஞ்சினாள். அவர் முகம் சுளித்தார்.

"தப்பு அவர் மேல இல்லதான்மா. ஆனா அந்தக் குச்சிய நினைச்சாலே எனக்குக் குமட்டுது. வேணாம், விடு."

கூட நின்றவர்களும் ஆமாம் போட்டார்கள். அதுவரை அவர்கள் யாரும் அந்தக் குச்சியைக் கவனித்ததில்லை. குமட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள். பிசினைக் கழுவலாம், இதை எதைப் போட்டுக் கழுவுவது?

அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா கதவைத் திறந்தாள், வா என்று சொல்லவில்லை. சோப்பு நின்றபடியே நடந்ததையெல்லாம் சொன்னாள், வேலை திரும்பக் கிடைக்காது என்பதையும் சேர்த்து. மாமா வாயில் புதுக் குச்சியோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப என் எச்சி சுத்தம்தாங்கிற" என்றார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

உள்ளே போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். சற்றுமுன் வாயிலிருந்த குச்சியைப் பிடித்த விரல் இரண்டும் தண்ணீருக்குள் முங்கியிருந்தன. நீட்டினார். சோப்பின் கை தானாகக் கைக்குட்டையைத் தேடியது. அக்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சோப்பு வாங்கி, வாய் வைத்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். அதற்குப் பிறகுதான் அக்கா உட்காரச் சொன்னாள்.